இல்லாத முள்

மே 10, சனி

இரண்டாவது ஊசி போட்டாகிவிட்டது. இரண்டு கையிலும் தோளுக்குக் கீழே குத்தினார்கள். எறும்பு கடித்த மாதிரிதான், பெரிய வலி ஒன்றும் இல்லை.

நர்ஸ் ஞானசவுந்தரிதான் எழுதி வைக்கச் சொன்னாள். “துக்க வீட்டுல தேதி மறந்து போகும்மா. அடுத்தது பதினாலு. கடைசி ஊசி ஜூன் நாலு. போட்டாச்சேன்னு நடுவுல விட்டுறக் கூடாது. எழுதி வைங்க” என்றாள். ஐந்தாவதுக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. மளிகைச் சீட்டைத் தவிர எதுவும் எழுதியதில்லை. தேடினதில் இந்த டைரி கிடைத்தது. உப்புக் கம்பெனியில் மூன்று வருசத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. பழைய கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் அவுக எழுத்து. எல்லாம் நாய்களின் பெயர். கங்காணி, லாரி, நொண்டி, சம்பா, பெரியகாது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே கார்ப்பரேசன் ஊசி போட்ட தேதி. கடைசியில் சுண்டு. அதற்கு நேரே, ‘குட்டி. மூணு மாசம் ஆகட்டும்.’

அவுக பெயருக்கு நேரே ஊசித் தேதி இல்லை. அவுக பெயரே அதில் இல்லை.

என் வீட்டுக்காரர் போய் இன்றைக்கு நாலாம் நாள். வெறிநாய் வியாதி. பெரியாஸ்பத்திரியில் தனி ரூமில், ஜன்னலுக்குத் துணி கட்டி, ஃபேனை நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் எச்சில் துடைத்தேன், கொழுந்தன் கட்டிப் பிடித்திருந்தான். அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கே முதல் ஊசி.

இன்றைக்கு ஹெல்த் சார் ஒரு பேப்பரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “எந்த நாய் கடிச்சுதும்மா? எப்போ? அந்த நாய வேற யாரெல்லாம் தொட்டாங்க? சொன்னாத்தான் அவங்களையும் காப்பாத்தலாம்.”

“தெரியாது சார். ஆறு நாய்க்குச் சோறு போட்டாக. எது, என்னைக்குன்னு எங்கிட்ட சொல்லல.”

எழுதிக்கொண்டார். தெரியாது என்று எழுத அவ்வளவு நேரம் ஆனது.

மே 11, ஞாயிறு

விடிந்து கதவைத் திறந்தால் ஐந்து நாயும் வாசலில் உட்கார்ந்திருக்கின்றன. இழவுக்கு வந்த சொந்தம் மாதிரி. கல்லெடுத்து எறிந்தேன். நொண்டி மட்டும் நகர்ந்தது. கங்காணி, கல் விழுந்த இடத்தை மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தது.

அளத்தில் உப்பு வாரும்போது பாத்தி வரப்பில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அந்தப் பெயர். “நிசக் கங்காணியாவது வெத்தில போடப் போவான். இவ அசைய மாட்டா” என்று அவுக சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக. சுண்டுவைப் பெற்றதும் இவள்தான்.

பானையில் சோறு இருந்தது. நாய்க்கு வைக்கவில்லை. நானும் தின்னவில்லை. ஊசிப்போன சோற்றை வேலிப்பக்கம் கொட்டினேன். கொட்டினதை அதுகள் தின்றால் நான் என்ன செய்ய.

மே 12, திங்கள்

ஜெபமாலை சோறு கொண்டுவந்தாள். எதிர் வரிசையில் மூன்றாவது வீடு. தெருமுக்கில் உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுப்பாள். தலை, வால், குடலெல்லாம் ஒரு வாளியில் சேர்த்து அவுகளுக்குக் கொடுத்துவிடுவாள். அவுக அதை அவித்து, முள் பொறுக்கி, சோற்றில் பிசைந்து நாய்களுக்கு வைப்பாக. இருபது வருசப் பழக்கம். “ஏ தொரை” என்பாள் அவள். “என்ன மாலை” என்பாக இவுக. பெயர் ஐகோர்ட்துரை. என் வாயால் சொன்னதில்லை, எழுதலாம் போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் முதலில் நாய். பிறகு நாய்க்கு மீன் கொடுத்தவள். பிறகுதான் நான்.

“ஏளா வடிவு, எந்திரி. ரெண்டு வாய் தின்னு.”

“வேண்டாங்கா.”

“தின்னாமக் கெடந்து நீயும் பின்னாலயே போப்போறியா? எந்திரிளா.”

தட்டை என் முன்னால் வைத்தாள். வாசலுக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரி எனக்குக் கேட்கச் சொன்னாள். “தண்ணி தண்ணின்னு கேட்ட மனுசனுக்கு ஒரு மொடக்கு குடுக்கல. என் கண்ணால பாத்தேன். செம்பப் பின்னால ஒளிச்சு வச்சுக்கிட்டு நின்னா. கல்லு மனசு.”

ஒளித்தேன். உண்மைதான். செம்பைக் கண்டாலே அவுகளுக்குக் கழுத்து வெட்டி இழுத்தது. கேட்பதும் அவுகதான், கண்டால் அலறுவதும் அவுகதான். அவள் வாசல்படியில் நின்று ஒரு நிமிசம் பார்த்துவிட்டு, ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

அவள் வைத்த சோற்றை நாய்க்குப் போட்டேன்.

மே 14, புதன்

மூன்றாவது ஊசி. கூட்டம். எனக்கு முன்னால் ஒரு பொம்பிளை, காலில் நாய் கீறினதுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வந்திருந்தாள். ஞானசவுந்தரி அவளைத் திட்டினாள். “இத யாரு வைக்கச் சொன்னா? சோப்பு போட்டு, குழாயத் திறந்துவிட்டு, கால் மணி நேரம் கழுவணும். மொத வைத்தியமே அதுதான்.”

என் முறை வந்ததும் கேட்டேன். “நர்ஸம்மா, கடிக்காமலே இது வருமா?”

“வரும். எச்சில் போதும். கையில வெடிப்பு, கீறல் இருந்தா அதுவழியா உள்ள போயிரும்.”

“நாய்க்குத் தொண்டையில முள்ளு சிக்கிருச்சுன்னு வாய்க்குள்ள கைய விட்டா?”

ஊசியைப் பிடித்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “யாரு விட்டா?”

“சும்மா கேக்கேன்.”

“சும்மா கேக்கிற கேள்வியா இது? அப்படி யாராவது இருந்தா இழுத்துட்டு வாங்க. ரெண்டு மாசம் ஆனாலும் சரி, மூணு மாசம் ஆனாலும் சரி. வியாதி வெளியே தெரியுறதுக்கு முன்னால போட்டா பொழைப்பாங்க. தெரிஞ்ச பிறகு கடவுளே வந்தாலும் முடியாது. அது உங்களுக்கே தெரியும்.”

தெரியும்.

மாசி மகத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சுண்டுவுக்கு வாய் மூட முடியாமல் போனது. எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. அவுக அதன் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தாக. மறுநாள் ஜெபமாலை சோற்றை உருட்டி, தன் விரலாலேயே அதன் தொண்டைக்குள் தள்ளினாள். வெறுஞ்சோறு உருட்டி விழுங்கினால் முள் இறங்கும் என்று நம் வீடுகளில் செய்கிறதுதானே. புதன்கிழமை குட்டி செத்துப்போனது. முள் குத்திச் செத்தது என்றுதான் அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இவுகளை ஏதோ ஒரு நாய் எங்கேயோ கடித்திருக்கிறது என்று நினைக்கிறாள்.

மீன் வெட்டுகிறவள். அவள் விரலில் வெட்டுக்காயம் இல்லாத நாளே கிடையாது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஆள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

திரும்பி வரும்போது முக்கில் உட்கார்ந்திருந்தாள். விளமீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, “ஊசி போட்டியா?” என்றாள். “போட்டேன்” என்றேன். வந்துவிட்டேன்.

மே 15, வியாழன்

சொல்லவில்லை.

மே 17, சனி

தண்ணீர் வந்தது. ஆறு குடம் பிடித்தேன். அவுக சட்டைகளைத் துவைத்தேன். மூன்றுதான். காலரில் உப்பு படிந்து காய்ந்திருக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை.

குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது. ஜெபமாலைதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமில்லாமல் என் குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டாள். “பாத்துப் போ. கண்ணு இருட்டும்” என்றாள். ஒரு கையால் குடத்தைத் தூக்கிவிடுவாள், மறு கையால் மானத்தை வாங்குவாள்.

அவள் சாகட்டும் என்று நான் நினைக்கவில்லை. பார்ப்போம் என்றுதான் நினைக்கிறேன். அவளும் ஒருநாள் தண்ணீர் கேட்பாள். செம்பை யார் ஒளிக்கிறார்கள் என்று ஊர் பார்க்கட்டும்.

எழுதிவிட்டேன். பேனாவால் எழுதினது அழியாது.

மே 19, திங்கள்

எப்படி ஆரம்பித்தது என்று கொழுந்தன் பெண்டாட்டி கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் வலது கையில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாக. உப்புக் கைதானே, வெடிப்பு அரிக்கும் என்று தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் ஃபேனைப் போட்டேன், “நிறுத்துளா, காத்து தொண்டையப் பிடிக்கி” என்றாக. சாயங்காலம் காப்பித் தம்ளரை வாயருகே கொண்டுபோனதும் உடம்பு தூக்கிப் போட்டது. தம்ளரைத் தட்டிவிட்டு, பிறகு அவுகளே துடைத்தாக. “ஏளா, மன்னிச்சுக்கோ, கை தவறிருச்சு.” முப்பத்தோரு வருசத்தில் என்னிடம் அந்த வார்த்தை சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் நடுநடுவே தெளிவாக இருக்கும். அப்போது, “கங்காணிக்குச் சோறு வச்சியா?” என்று கேட்டாக. “வச்சேன்” என்றேன். வைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் யார் முன்னாலும் தண்ணீர் குடிப்பதில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் குடிக்கிறேன்.

மே 22, வியாழன்

பதினாறாம் நாள். கொழுந்தன் எல்லாம் முறையாகச் செய்தான். ஜெபமாலை விடியற்காலையே வந்து காய் நறுக்கி, சாம்பார் கூட்டி, பந்தி பரிமாறினாள். அவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். எங்கள் சடங்கு எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் எது எப்போது வேண்டும் என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தாள்.

எல்லாரும் போன பிறகு அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி வலது கையை வரட்டு வரட்டு என்று சொறிந்தாள்.

கிட்டே போனேன். “என்னக்கா கை?”

“நேத்து பூரா எறா உரிச்சேன். அந்த மூதி எறால உரிச்சா ரெண்டு நாளைக்கு அரிக்கும்.”

“எறும்பு ஊருற மாதிரி இருக்கா?”

“எறும்பும் இல்ல, பாம்பும் இல்ல. எறாளா. காது கேக்கலயா?”

அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். செம்பில் தண்ணீர் மொண்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அண்ணாந்து குடித்தாள். தொண்டை மேலும் கீழும் போய் வந்தது. முழுச் செம்பு.

“என்ன அப்படிப் பாக்குத? நான் குடிக்கிற தண்ணியையும் பிடுங்கப் போறியா?” என்றாள்.

இதற்குப் பிறகும் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. அந்தக் கடைசி வார்த்தையில் உள்ளே போய்விட்டது.

மே 24, சனி

அளத்துக்குப் போனேன். சேலைக்கு மேல் அவுக சட்டையைப் போட்டுக்கொண்டேன். அளத்தில் பொம்பிளைகள் எல்லாரும் வீட்டு ஆம்பிளை சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெயிலில் நிற்போம். அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாய்கள்தான் சொல்லின. தெருவிலிருந்து அளம் வரைக்கும் ஐந்தும் என் பின்னாலேயே. சம்பா ஓடி வந்து சட்டைக் கையை மோந்தது. வாருபலகையால் ஒரு அடி போட்டேன். அது என் காலடியிலேயே படுத்துக்கொண்டது.

“மதினி, அண்ணன் ஒங்களுக்கு அஞ்சு பிள்ளைய விட்டுட்டுப் போயிருக்காரு” என்று பக்கத்துப் பாத்திக்காரன் சிரித்தான்.

“ஒன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. ஒம் பொண்டாட்டி பெறாதத அதுக பெத்துத் தரும்” என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவனுக்குப் பிள்ளை இல்லை. என் நாக்கு இப்படித்தான். எல்லாம் இந்த நாக்கால்தான்.

மே 26, திங்கள்

கார்ப்பரேசன் வண்டி வந்தது. ஒரு சாவு விழுந்ததால் தெருவில் எல்லா நாய்க்கும் மறுபடி ஊசியாம். தெருவே வாசலில் நின்றது. “ஊசி எதுக்கு? கொண்டுபோய்க் கொன்னு போடுங்க” என்று நாலு பேர் சத்தம் போட்டார்கள். வலையைக் கண்டதும் நாய்கள் சிதறிவிட்டன.

ஊசிக்காரருக்கு அவுகளைத் தெரியும். எப்போதும் அவுகதான் பிடித்துக் கொடுப்பாக. ஜெபமாலை என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள். “ஏளா, அந்தச் சட்டையப் போட்டுட்டு வா. ஒங்கிட்டதான் வரும்.”

இந்த நாய்களால்தான் தாலி போனது, இதுகளை நான் பிடித்துக் கொடுக்க வேண்டுமா என்று தோன்றியது. ஆனால் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக வந்தன. கங்காணி என் மடியில் தலையை வைத்தது. ஊசி ஏறும்போது என் முகத்தையே பார்த்தது. ஜெபமாலை பின்னங்காலைப் பிடித்திருந்தாள்.

ஊசிக்காரர் கேட்டார். “நீங்க ரெண்டு பேரும் முன்கூட்டியே ஊசி போட்டிருக்கீங்களா?”

“எங்கள எந்த நாயும் கடிக்கலயே” என்றாள் ஜெபமாலை.

“கடிச்ச பிறகு போடுறது வேற. தெருநாய்க்குச் சோறு வைக்கிறவங்க கடிக்கிறதுக்கு முன்னாலயே மூணு ஊசி போட்டு வைக்கணும். தொரை அண்ணன்கிட்டயும் எத்தனையோ தரம் சொன்னேன். எம் பிள்ளைக என்னைக் கடிக்காதுன்னாரு. கடிக்கவே வேணாம். சில நாய்க்கு வெறி வந்தா ஓடாது, கடிக்காது. தாடை தொங்கிப்போய், எச்சி ஒழுகிக்கிட்டு, முழுங்க முடியாம நிக்கும். பாக்கிறதுக்கு தொண்டையில எலும்பு சிக்கின மாதிரியே இருக்கும். பாசக்கார ஆளுக ஐயோன்னு கைய விட்ருவாங்க. எங்க ஆளுகளே ஏமாந்திருக்காங்க.”

ஜெபமாலையின் கை கங்காணியின் காலிலேயே நின்றது. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“ஏளா வடிவு. நம்ம சுண்டுக்கு முள்ளுதான சிக்கியிருந்துச்சு?”

ஊசிக்காரர் பார்த்தார். நாயும் பார்த்தது.

“நீதான கண்ணால பாத்தேன்னு சொன்ன?”

“ஆமா” என்றேன். “முள்ளுதான். காரப்பொடி மீன் முள்ளு. நான் பாத்தேன்.”

“அதான பாத்தேன்” என்று அவள் பெருமூச்சு விட்டாள். “நீ அடுத்த நாய்க்குப் போடு தம்பி.”

மே 27, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. எழுதிவிட்டால் நாளைக்குச் சொல்ல வாய் வரும் என்று எழுதுகிறேன்.

முள் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவுக அளத்துக்குப் போயிருந்தாக. நாய்க்கு நான்தான் மீன் அவித்துப் போட்டேன். முள் பொறுக்கவில்லை. சோம்பல்தான். மத்தியானம் வந்து குட்டி வாயைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்த்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாக. “முள்ளோட போட்டியா? எத்தன தரம் சொல்லுதேன்? நீயும் ஒரு பொம்பளையா?” தெருவில் நின்று சொன்னாக. ஜெபமாலை அவள் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

குட்டியைத் தூக்கிவந்து நடையில் வைத்து வாயைப் பார்த்தாக. கொஞ்ச நேரத்தில் அவுக முகம் மாறியது. “ஏளா, இது முள்ளு மாதிரி இல்ல. தாடை தொங்குது பாரு. கண்ணு ஒரு மாதிரி இருக்கு. ஊசிக்காரருக்குப் போன் போடுவோம்.”

இப்படித்தான் சொன்னாக. போனைக் கையில் எடுத்துவிட்டாக.

நான் சொன்னேன்: “ஆமா, நாய்க்குன்னா ஊரைக் கூட்டுவீக. எனக்குப் பல்லு வலின்னா உப்ப வச்சு அமுக்குன்னு சொல்லுவீக. ஞாயித்துக்கெழம எவன் வருவான்? முள்ளுதான், நான்தான போட்டேன், நான்தான பாவி. அந்தா தெரியுது வெள்ளையா. கைய உள்ள விட்டா வந்துரும். விட்டு எடுத்துட்டுப் பேசுங்க.”

ஒன்றும் தெரியவில்லை. சிவப்புத் தொண்டையும் நுரையும்தான் தெரிந்தது. அவுக வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

போனை வைத்துவிட்டாக. நான் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டேன். அவுக இரண்டு விரலை விட்டாக. “எங்க இருக்குளா? ஒண்ணும் தட்டுப்படல.” “இன்னும் உள்ள, இன்னும் உள்ள” என்றேன். மணிக்கட்டு வரை போனது. உப்பு தின்ற கை, விரலுக்கு விரல் வெடிப்பு. குட்டி கடிக்கவில்லை. அதற்குக் கடிக்கத் திராணி இல்லை. அவுக கையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது.

பிறகு கை கழுவத் தண்ணீர் கேட்டாக. ஒரு குடம்தான் இருந்தது. “குடிக்க வச்ச தண்ணி. வேட்டியில தொடைங்க” என்றேன்.

மறுநாள் காலையில் ஜெபமாலை, “குட்டிக்கு என்ன?” என்று கேட்டாள். முள் சிக்கியிருக்கிறது, நானே பார்த்தேன், சோறு உருட்டிக் கொடுத்துப் பாரேன் என்றேன். அவளிடம் போய் முள் இல்லை என்று சொல்ல முடியுமா? சொன்னால் முந்தின நாள் சண்டையில் நான் தோற்றதாக ஆகும்.

தண்ணீர் கொடுக்காமல் கொன்றாள் என்று அவள் ஊரில் சொல்கிறாள். அவளுக்குப் பாதிதான் தெரியும்.

மே 28, புதன்

காலை ஒன்பது மணிக்குப் போனேன். அரிவாள்மணையில் உட்கார்ந்து அயிலை வெட்டிக்கொண்டிருந்தாள். வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று நினைத்தால் நான் திரும்பிவிடுவேன். அதனால் அவர்கள் முன்னாலேயே சொன்னேன்.

“அக்கா, முள்ளு இல்ல.”

“எந்த முள்ளு? அயிலயிலயா?”

“சுண்டு தொண்டையில. நான் பாக்கல. பொய் சொன்னேன். ஒங்கிட்டயும் பொய். அவுககிட்டயும் பொய். நீ ஊசி போடணும். இப்பவே வா.”

வெட்டின மீன் கையிலேயே இருந்தது. அவள் விரலைப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் பழைய கந்தல் துணி சுற்றியிருந்தது.

“எப்போலேர்ந்து தெரியும் ஒனக்கு?”

“பதினாலாந் தேதி நர்ஸு சொன்னா.”

“இன்னைக்கு என்ன தேதி?”

“இருவத்தெட்டு.”

“முந்தாநாள் வாய்விட்டுக் கேட்டனே. நாய்க் கால பிடிச்சுக்கிட்டு கேட்டனேளா.”

மீன் கழுவின வாளியை எடுத்து என் தலையில் ஊற்றினாள். செதிலும் ரத்தமும் முகத்தில் வழிந்தது. நான் துடைக்கவில்லை. வாங்க வந்த பொம்பிளை, “ஐயையோ, மாலையக்கா” என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டாள்.

“பதினாறுக்கு ஒன் வீட்டு அண்டாவக் கழுவுனேன். நீ நின்னு நான் தண்ணி குடிக்கிறதப் பாத்த. இப்பத்தான புரியுது. வேடிக்க பாத்திருக்க.”

“ஆமாக்கா.”

“இல்லன்னு சொல்லேன்ளா. வாய்ப்பேச்சுக்காவது இல்லன்னு சொல்லித் தொலையேன்.”

சொல்லவில்லை. பொய் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். ஆட்டோவில் நானும் ஏறினேன். இறங்கு என்று சொல்லவில்லை. என் மேல் வந்த மீன் நாற்றத்துக்கு ஆட்டோக்காரன் மூக்கைப் பொத்தினான். ஞானசவுந்தரி என்னைப் பார்த்தாள், ஜெபமாலையைப் பார்த்தாள். ஊசியை எடுத்தாள். பிறகு ஹெல்த் சாரைக் கூப்பிட்டு, பேப்பரைக் கொண்டுவரச் சொன்னாள். தெரியாது என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொல்லிவிட்டு எல்லாம் சொன்னேன். இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று சொன்னதையும் சொன்னேன். அதற்கு அந்தப் பேப்பரில் இடம் இல்லை. அவர் எழுதிக்கொள்ளவில்லை.

மே 31, சனி

ஜெபமாலைக்கு இரண்டாவது ஊசி. தனியாகப் போய்வந்தாள். தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் வந்தது. என் குடத்தை நானே தூக்கிக்கொண்டேன்.

நாய்க்குச் சோறு வைத்தேன். முள் பொறுக்கித்தான் வைத்தேன்.

ஜூன் 4, புதன்

எனக்குக் கடைசி ஊசி. ஜெபமாலைக்கு மூன்றாவது. ஒரே பெஞ்சில் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள். நடுவில் இரண்டு ஆள் உட்கார இடம் இருந்தும் யாரும் உட்காரவில்லை.

ஞானசவுந்தரியிடம் அவள் கேட்டாள். “நாலும் போட்டா நிச்சயமா வராதா?”

“வராதுன்னுதாம்மா போடுறோம். இன்னும் முன்னாலயே வந்திருந்தீங்கன்னா நான் இவ்வளவு யோசிச்சுப் பேச மாட்டேன். தைரியமா இருங்க.”

“எத்தன நாள் பாக்கணும்?”

“ஆறு மாசம். சில பேருக்கு ஒரு வருசம்கூட.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்த ஏழு நாளில் முதல் தடவை.

ஜூன் 5, வியாழன்

காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். ஜெபமாலை நிற்கிறாள். கையில் அவள் வீட்டுப் பித்தளைச் செம்பு. நாய்கள் அவளைச் சுற்றி வாலாட்டிக்கொண்டு நின்றன.

“பாருளா” என்றாள்.

அண்ணாந்தாள். மடக் மடக்கென்று சத்தம் கேட்கக் குடித்தாள். கழுத்து வழியாகக் கொஞ்சம் ஒழுகியது. புறங்கையால் துடைத்தாள்.

“தெனமும் வருவேன். நான் குடிக்கிற வரைக்கும் நீ நின்னு பாக்கணும். குடிக்க முடியாமப் போற அன்னைக்கும் நீதான் வந்து பக்கத்துல நிக்கணும். வேற ஒருத்தி வரக் கூடாது. கதவச் சாத்துனேன்னா ஒடச்சிருவேன்.”

ஜூன் 6, வெள்ளி

குடித்தாள்.

ஜூன் 9, திங்கள்

குடித்தாள். அரைச் செம்புதான். மீதியை ஏன் வைத்தாள் என்று நாள் பூராவும் வேலை ஓடவில்லை. சாயங்காலம் அவள் வீட்டு வழியாகப் போனேன். காப்பியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

காற்று. கடல் பக்கமிருந்து புழுதியை வாரி அடிக்கிறது. ஜெபமாலை முக்கில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்றுக்கா, புழுதிக்கா என்று தெரியவில்லை. கிட்டே போய் நின்றேன். “புழுதிக்குத்தான். போ” என்றாள், நிமிராமல்.

ஜூன் 25, புதன்

ஜெபமாலைக்குக் கடைசி ஊசி. காலையில் குடித்துவிட்டுத்தான் போனாள்.

நானும் அடுத்த ஆட்டோவில் போனேன். நாய்க்குச் சோறு வைக்கிறவர்களுக்கு முன்கூட்டியே போடுகிற ஊசி இருக்கிறதா, அளத்தில் இன்னும் மூன்று பேர் வைக்கிறார்கள் என்று ஞானசவுந்தரியிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை கூட்டிவரச் சொன்னாள். எங்களை மறுபடி நாய் கடித்தாலோ, எச்சில் பட்டாலோ, போட்டாச்சே என்று இருக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஓடிவர வேண்டும் என்றாள். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில், நாய்களின் பெயருக்குக் கீழே. ஜெபமாலை, நாலு தேதி. வடிவு, நாலு தேதி. மேலே ஒரு வரி விட்டு அவுக பெயரை எழுதினேன். நேரே எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 26, வியாழன்

ஊசி முடிந்துவிட்டதே, இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். குடித்தாள். பாதியில் நிறுத்திவிட்டுச் செம்பை என் பக்கம் நீட்டினாள்.

“நீயும்தான அதோட காலப் பிடிச்ச?”

“ஆமா.”

“ஒன் கையும் உப்புக் கைதான?”

“ஆமாக்கா.”

“அப்போ குடி. இப்படித் திரும்பி நின்னு குடி. செவுத்தப் பாத்துக் குடிக்கிற சோலியெல்லாம் வேண்டாம். நானும் பாக்கணும்.”

வாங்கிக் குடித்தேன். முடிகிற வரைக்கும் அவள் என் தொண்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.